ஆவுடையப்பன் காரின் இடதும் வலதும்

ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பழைய அம்பாசிடர் காரில் மைக்செட் தவசிமுத்து புது ஸ்டீரியோ மாட்டிய அன்றைக்கு, அடுப்பே பற்றவைக்காத என் அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. நான் பயப்படவில்லை. தெற்குத் தெருக்காரர்கள் என்னவோ வேலை பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வடக்குத் தெருவில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கினாலும், பசுவுக்குப் பால் வற்றினாலும், கட்டிய சேலையில் சாயம் போனாலும், தெற்கே திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் மற்ற காரணங்களைத் தேடுவோம்.

எங்கள் ஊரே இரண்டு தெருதான். நடுவில் ஒரு பொட்டல், பொட்டலில் ஒரு பிள்ளையார் கோயில். இரண்டு தெரு வீடுகளும் பொட்டலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வடக்கே ஒரு வீடு என்றால் அதற்கு நேராகத் தெற்கே ஒரு வீடு. அவர்களுக்கும் எங்களுக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, கோயில் கொடை தனித்தனி, சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிடுவோம். பிள்ளையாருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி தன் காரை நிறுத்துவார், எப்போதும் கிழக்குப் பார்த்து, வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தில் ஏற்றி எடுத்த திசையிலேயே. கிழக்குப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் நாங்கள், வலது கைப் பக்கம் அவர்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், எல்லாச் சண்டையும் இதை வைத்துத்தான் வந்தது.

கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வருகிற பிள்ளைகள், "பாட்டு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு வேறு வண்டிக்குப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் அந்த நீல விளக்கு எரிகிற ஸ்டீரியோவை வாங்கி வந்தார். தவசிமுத்து டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே இருந்த வயர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு, பேட்டரிக்குப் போகிறது இது, சாவிக்குப் போகிறது இது என்று இரண்டைக் கண்டுபிடித்துவிட்டான். எர்த் மட்டும் கிடைக்கவில்லை. காரின் உடம்பில் எங்கே சுரண்டினாலும் பெயிண்டுக்குக் கீழே பெயிண்ட், அதற்குக் கீழே துரு, நல்ல இரும்பு கண்ணில் படவே இல்லை. தவசிமுத்து வால்வு ரேடியோ காலத்து ஆள். அந்த ரேடியோவுக்குச் செய்கிற மாதிரியே பொட்டலில் ஒரு குழி தோண்டி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் போட்டு, ஒரு கம்பியை இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஸ்டீரியோவின் எர்த் வயரை அதில் கட்டிவிட்டான். ஓடுகிற காருக்கு மண்ணில் எர்த் போட்டவன் இந்த உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

நீல விளக்கு எரிந்தது. பாட்டு வரவில்லை, கடைசி வரைக்கும் வரவே இல்லை. என்ன கோளாறு என்று இருக்கிற குமிழ்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு வந்தவன், பாட்டை இடது வலது ஸ்பீக்கருக்குப் பிரித்துவிடுகிற பேலன்ஸ் என்கிற சின்னக் குமிழை இடது பக்கம் திருகியபோது, தெற்குத் தெருவின் சத்தம் முழுக்க அங்கிருந்து கிளம்பி வடக்குத் தெருவுக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு நேராக, அவர்கள் குக்கர் எங்கள் அடுக்களையில், அவர்கள் இருமல் எங்கள் கட்டிலில், அவர்கள் ஆட்டுக்கல் எங்கள் புறவாசலில்; அங்கேயோ எல்லாருக்கும் வாய் அசைகிறது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. வலது பக்கம் திருகினால் எங்கள் சத்தமெல்லாம் அவர்களுக்குப் போனது. நடுவில் வைத்தால் அவரவர் சத்தம் அவரவருக்கு.

"என்னவே பண்ணி வச்சிருக்கீரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எர்த்து கொஞ்சம் ஆழமாப் புடிச்சிட்டு அண்ணாச்சி. வேறொண்ணுமில்ல," என்றான் தவசிமுத்து.

ஊருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எப்படி என்கிற கேள்வி அத்தோடு முடிந்துபோய், யார் என்கிற கேள்வி ஆரம்பித்தது. யார் யார் பேச்சை யார் யார் கேட்டார்கள், எவ்வளவு நேரம் கேட்டார்கள், கேட்டதை யாரிடம் போய்ச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே இரண்டு தெருவும் பொட்டலில் கூடியது. குமிழை நடுவில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு தெருவிலும் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் கேட்கிற ருசி ஒரு மத்தியானத்திலேயே எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. கடைசியில், காலையெல்லாம் குமிழ் இடது பக்கம், தெற்குச் சத்தம் வடக்குக்கு. சாயங்காலமெல்லாம் வலது பக்கம், வடக்குச் சத்தம் தெற்குக்கு. மற்ற நேரம் நடுவில் என்று முடிவானது. வாடகைக்குப் போனால் அண்ணாச்சி எர்த் வயரைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் மறுபடி கட்ட வேண்டும். காருக்குக் காவல் தெருவுக்கு ஒருத்தர்.

நடு எது என்பதற்குக் குமிழில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி வடக்கே ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது என்று தெற்குக்காரர்கள் சொன்னார்கள். வைத்த பெண் தெற்குத் தெருக்காரி என்று நாங்கள் சொன்னோம். ஒரு நாள் விடிந்து பார்த்தால் கார் மேற்குப் பார்த்து நின்றது, இடது வலதாகவும் வலது இடதாகவும் ஆகிப்போய், எங்கள் காலை நேரத்தில் எங்கள் சத்தமே அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு கனமான காரை யார் தூக்கித் திருப்பியது என்று கேட்டால், அவர்கள் ஆட்கள் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

ஆனாலும் பழகிவிட்டது. சத்தம் போய்விட்ட தெருவில் கைக்குழந்தைகள் அசந்து தூங்கின. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் பாதியிலேயே நின்றன, என்ன திட்டினோம் என்று திட்டியவளுக்கே கேட்காதபோது எத்தனை நேரம்தான் திட்டுவது. சாயங்கால வேளையில் நாங்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகினோம். தெற்கே ஒருவரின் இருமலை வடக்கே எங்கள் கம்பவுண்டர் தினமும் கேட்டுவிட்டு, நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார். சாபம் விடுகிறார்கள் என்று ஏசிவிட்டு, அந்த மனுஷன் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனார். நல்லது எது வந்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு தெருவும் பிரித்துப் பிரித்துப் பார்த்தது.

இப்போது அண்ணாச்சி வீட்டுக்கு வருகிறேன். அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவருக்கு ஒரே மகள், செண்பகவடிவு, வடிவு என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுக்கு நேரே தெற்குத் தெருவில் முத்துக்குட்டியின் வீடு. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள் எதிர் மொட்டைமாடியில் புறாவுக்குத் தீனி வைக்க வந்தவனைப் பார்த்து, ஒரு நாள் அவனோடேயே போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டாள். ஒரே பொட்டலைத் தாண்டித்தான் போனாள். ஆனால் அண்ணாச்சி குளத்துக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார், அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரி கோமு மதினியிடம் சத்தியம் வாங்கினார், மாடியில் தெற்கே பார்க்க முடியாதபடி தகரம் அடித்தார். அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெற்குத் தெருவில் சொன்னார்கள். தெற்குத் தெருக்காரர்கள் சொன்னதை நாங்கள் எப்போது நம்பினோம்?

இப்போது காலை தோறும் அந்த வீட்டுச் சத்தம் அண்ணாச்சி வீட்டின் நடுவில் வந்து விழுந்தது. உறை மோர் வாங்குகிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். அண்ணாச்சி பேப்பர் படிப்பது போல இருப்பார், தாளைத் திருப்பவே மாட்டார். மதினி கீரை ஆய்வாள், ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்வாள். முத்துக்குட்டியின் குரல் கேட்கும், அவன் புறாக்கள் கேட்கும், அவன் அம்மா சந்தனமாரியின் குரல் ஓங்கிக் கேட்கும், வாளி, துடைப்பம், தாளிக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். வடிவின் குரல் மட்டும் கேட்காது. ஒரு நாளும் கேட்கவில்லை.

முதலில் அண்ணாச்சி என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அழுகைகூட வராதபோது அவருக்கு முகம் மாறிவிட்டது. "திங்கியா இல்லையாட்டி?" என்று சந்தனமாரி கத்துவாள், பதில் இருக்காது. "நேத்து சாயங்காலமும் செவுத்துல சாஞ்சே கெடந்த, இன்னைக்கும் அப்படித்தானா?" என்பாள், பதில் இருக்காது. அடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நாக்கையே என்னவோ செய்துவிட்டார்களோ என்று மதினி நினைத்தாள். சொல்லவில்லை, ஆனால் கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாளா என்று அண்ணாச்சி நினைத்தார். அதைக் கேட்கப் பேரைச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கவில்லை.

சாயங்காலம் குமிழ் வலது பக்கம் போனால், நம் வீட்டுப் பேச்சு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று உதட்டைக்கூட அசைக்காமல் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவிலேயே அந்த வீட்டிலிருந்துதான் தெற்கே மிகக் குறைவாகச் சத்தம் போயிருக்கும்.

அப்புறம் தெற்குத் தெருக் கொடை வந்தது. சாயங்காலம், அவர்கள் நேரம், குமிழ் வலது பக்கம் இருக்க வேண்டும், அவர்கள் மேளம் அவர்களிடமே இருக்க வேண்டும். தெற்குக் காவலாள் கொடை பார்க்கப் போய்விட்டான், எங்கள் ஆள் அசந்துவிட்டான். அண்ணாச்சி போய்க் காரைத் திறந்து குமிழை இடது பக்கம் திருகிவிட்டார். கொடை அன்றைக்காவது அவள் வாயைத் திறப்பாள், யாரையாவது கூப்பிடுவாள், ஒரு குலவையாவது விடுவாள் என்று அவருக்கு ஒரு நப்பாசை. வந்தது மேளம்தான். அவர்கள் மேளம் முழுக்க எங்கள் தெருவில் இறங்க, அங்கே சாமியாடி வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். இங்கே எங்கள் தெருவில் வத்தல் வடகம் விற்கிற பாப்பம்மாளுக்கு அவர்கள் சாமி வந்துவிட்டது. பாப்பம்மாள் ஆடிக்கொண்டே தெற்குத் தெருக்காரர்களைப் பேர் பேராகக் கூப்பிட்டு, யார் யார் என்ன நேர்ந்து என்ன செய்யவில்லை என்று சொன்னாள். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சாமியைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர்கள் வந்து நின்றார்கள். நாங்களா கூப்பிட்டோம் என்று நாங்கள் நின்றோம்.

காரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இரண்டு தெருவுக்கும் தெரியும். அண்ணாச்சி கும்பிட்ட கையோடு நின்றார். ஏன் திருகினீர் என்று கேட்டதற்கும் கும்பிட்டார். அவர் தெற்குக்கு உளவு என்று வடக்கும், வடக்குக்கு உளவு என்று தெற்கும் சொல்லி, ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு தெருவும் ஒரே முடிவுக்கு வந்தன: மறுநாள் மத்தியானம் தவசிமுத்து வந்து வயரை அறுத்து, கம்பியைப் பிடுங்கி, குழியை மூட வேண்டும்.

மறுநாள் காலை நான் மோர்ச் செம்போடு போனேன். இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று அண்ணாச்சி பேப்பரைக்கூட எடுக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளிச் சத்தம் வந்தது, புறாச் சத்தம் வந்தது. பிறகு சந்தனமாரியின் குரல், எங்கள் முகத்துக்கு நேரே நின்று பேசுவது போல வந்தது.

"சம்மந்தி, கேக்குதா? சந்தனமாரிதான் பேசுதேன். மத்தியானம் வயர அறுத்துருவாவளாம், அதான் இப்பமே சொல்லிருதேன். 'இனி உன் சத்தம் என் காதுல விழக் கூடாது'ன்னு அன்னைக்கு வாசல்ல வச்சு சொன்னீராம்லா. இந்தப் புள்ள அத வேதவாக்கா எடுத்துக்கிட்டு, எங்க சத்தம் ஒங்களுக்கு வார நேரமெல்லாம் வாயத் தொறக்க மாட்டேங்கா. இருமல் வந்தாக்கூட முந்தானைய வாயில அடைச்சிக்கிடுதா. சாயங்காலம் ஒங்க சத்தம் இங்க வரும்போது செவுத்துல காத வச்சிக்கிட்டு கெடக்கா, யாராவது அவ பேரச் சொல்லுதாவளான்னு. நீங்க என்னடான்னா பாத்திரம் வெளக்குத சத்தத்தத் தவிர ஒண்ணும் அனுப்ப மாட்டேங்கிய. ரெண்டு ஊமைக் கூட்டத்துக்கு நடுவுல கெடந்து நான் சீரழியுதேன். சொல்லிட்டேன், பெறவு ஒங்க இஷ்டம்."

மதினி கீரையைப் போட்டுவிட்டு எழுந்து சுவரைப் போய்ப் பிடித்துக்கொண்டு, "வடிவு, ஏட்டி வடிவு," என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"இப்பம் கூப்பிட்டு என்ன, குமிழு இந்தப் பக்கம்லா இருக்கு, அங்க போவாதுல்லா," என்றார் அண்ணாச்சி. சட்டைகூடப் போடாமல் பொட்டலுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

பொட்டலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது, தவசிமுத்து கட்டிங் பிளேயரோடு குழிக்கு வடக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யார் என்ன என்று கேட்பதற்குள் அண்ணாச்சி காருக்குள் கையை விட்டுக் குமிழை வலது பக்கம், அதற்கு மேல் போகாத மட்டும் திருகிவிட்டார். எங்கள் தெரு அப்படியே அடங்கிப்போனது. எங்கள் ஆட்கள் அவரைத் துரோகி என்று திட்டியதெல்லாம் பொட்டலின் தெற்குப் பாதியில் நின்றவர்கள் மேல் போய் விழ, எங்களைத்தான் ஏசுகிறார்கள் என்று அவர்கள் கம்பை எடுத்தார்கள். அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து மதினிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார்.

அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். வாயசைவு படிப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் சொன்னது அவள் பேர்தான், அதை மூன்று நான்கு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டுவிட்டார், முதுகைத்தான் பார்க்க முடிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, தோள் குலுங்கியது, ஒரு கையால் சுவரைத் தட்டித் தட்டிப் பேசினார். மதினியும் பேசினாள், இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அவர் அவளைப் பேசவிட்டார், அவள் அவரைப் பேசவிட்டாள். நான் விம்மிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அந்த வீட்டில் கொட்டிய அத்தனை சத்தமும் பொட்டலைத் தாண்டி ஒரே ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் தாண்டியும் தவசிமுத்து வயரை அறுக்கவில்லை. அறு என்று எங்கள் ஆட்கள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை, கேட்ட தெற்குக்காரர்கள் கம்பைக் கீழே போட்டிருந்தார்கள், ஏனோ அவனிடம் சொல்லவில்லை. அண்ணாச்சியே வந்து கையைக் காட்டிய பிறகுதான் அறுத்தான்.

வடிவு முத்துக்குட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமை வாசல் வழியாக வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள், நாக்கும் நன்றாகத்தான் இருந்தது. தெற்குத் தெருவுக்கு ஒரு பெண் போய் வர ஆரம்பித்ததால் இரண்டு தெருவும் கட்டிப்பிடித்துக்கொண்டது என்றெல்லாம் இல்லை. குழியை மூடும்போது அடியில் கொஞ்சம் கரியை விட்டுவிட்டார்கள் என்று இப்போதும் ஆளுக்கு ஆள் சந்தேகம் இருக்கிறது. எனக்கு ஆற மாட்டாதது வேறு. அன்றைக்கு அண்ணாச்சி என்ன சொன்னார்? மதினியிடம் கேட்டால் அழுகிறாள். சந்தனமாரியிடம், தெற்குத் தெரு என்றும் பாராமல், நானே போய்க் கேட்டேன். "அவ அப்பன் பேச்சு, நமக்கென்னன்னு நான் வெளிய போயிட்டேம்மா," என்றாள். நான் நம்பவில்லை. கடைசியில் வடிவு வந்திருந்தபோது அடுக்களையில் அவளை மடக்கி, "ஏட்டி, ஒங்க அய்யா அன்னைக்கு என்னதான் சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவள் டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "அது எங்க வீட்டுக்கு வந்த சத்தம்லா அத்தை," என்றாள். அப்புறம் முற்றத்துப் பக்கம் திரும்பி, "அய்யா, காப்பி ஆறுது, வாங்க," என்று ஒரு கூப்பாடு போட்டாள், அது தெற்குத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.